செவ்வரத்தையடியில் ஊற்றின முதல் தண்ணி

ஹெலிகொப்டரின் சத்தம் காங்கேசன்துறைப் பக்கமாகக் கேட்டதும் நான் மகளைத் தூக்கி இடுப்பிலே இடுக்கிக்கொண்டு வளவிலே வெட்டியிருந்த பதுங்குகுழிக்கு, பங்கர் வாசலுக்கு, ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மாமி இன்னும் கிணற்றடியில் நிற்கிறார். கையிலே விளிம்பு பெயர்ந்த எனாமல் பேசின். பேசினுக்குள்ளே மாதா கோயில் சீலைகள். எல்லாம் வெள்ளை.

"மாமி, அதைப் போட்டிட்டு வாங்கோ."

அவர் போடவில்லை. சீலைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து கிணற்றுக் கட்டிலே வைத்தார். பிறகு தண்ணீரோடு பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பூசையிலே காணிக்கை கொண்டுபோகிறவர்கள் நடப்பதுபோல, வேலி மூலையில் பூத்து நின்ற செவ்வரத்தை மரத்தைப் பார்த்து நடந்தார்.

சத்தம் இப்போது பனைகளுக்கு மேலே வந்துவிட்டது. மகள் என் கழுத்தை இறுக்குகிறாள்.

"மாமி, உதிலை ஊத்திப்போட்டு ஓடி வாங்கோவன்."

உதிலே, கால் நின்ற இடத்திலே, ஊற்றக்கூடாது என்பதுதான் அவருடைய சட்டம். செவ்வரத்தையின் அடியிலே குனிந்து, வேரைச் சுற்றிச் சுற்றி, பச்சைக் குழந்தைக்குத் தலையில் வார்ப்பதுபோல மெதுவாக ஊற்றினார். பேசினின் அடியைத் தட்டிக் கடைசித் துளியையும் விழுத்தினார். அதற்குப் பிறகுதான் வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார்.

பங்கருக்குள் குனிந்து இறங்கி, பனங்குற்றியில் இருந்துகொண்டு என்னைக் கேட்டார்:

"பிள்ளை காலமை வயிறாறச் சாப்பிட்டவளோ?"

மேலே ஹெலி நின்று மருதனார்மடம் றோட்டுப் பக்கமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது. மேல்மண் பொலுபொலுவென்று எங்கள் தலையில் கொட்டுகிறது. இவர் சாப்பாட்டுக் கதை கதைக்கிறார். இந்த மனுசியை ஆண்டவர் பயம் என்கிற சாமானை வைக்க மறந்துபோய்ப் படைத்துவிட்டார் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். கோபம் கோபமாக வந்தது.

வெள்ளைக்குப் பயந்த காலம்

போன கிழமை இந்தப் பக்கத்திலே வந்த என் கலியாணக் கதையை வாசித்தவர்களில் சிலர், மாமியாரைப் பற்றி இரண்டு வரியோடு விட்டுவிட்டீரே என்று குறைப்பட்டார்களாம். விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுவதென்றால் அந்தப் பயத்தையும் திரும்ப எடுத்து எழுதவேண்டும். இப்பவும் மாவு அரைக்கிற மிசின் பக்கத்து ஒழுங்கையில் ஓடத் தொடங்கினால் என் கை தானாக மகளைத் தேடுகிறது. மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுக்கையில் விழ, தம்பி தங்கச்சியைப் பார்க்க ஆளில்லை. அதிலிருந்தே எனக்கு யோசனை கூட. அடுப்பை அணைத்தேனா, வேலிப் படலையைச் சாத்தினேனா, கிணற்றுக்குள்ளே பிள்ளை எட்டிப் பார்க்குமா என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா நாளிலேயே அப்படியென்றால், தொண்ணூறிலே திரும்பவும் சண்டை தொடங்கின பிறகு என் நிலையைக் கேட்கவும் வேண்டுமா?

அந்த நாளிலே எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம் வெள்ளை நிறத்திலே. வெள்ளை உடுப்புக் காய்ந்தால் மேலேயிருந்து பளிச்சென்று தெரியும், இயக்கத்தின் காம்ப் என்று நினைத்து ஆமிக்காரன் அடிப்பான் என்று சந்தையிலே ஆரோ சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். பிள்ளையின் வெள்ளைச் சட்டைகளை வீட்டுக்குள்ளேதான் காயப்போடுவேன். அவை காயாமல் ஒரு மக்கல் மணம் மணக்கும். என் வீட்டுக்காரர் உடுத்த பழைய சாரம் ஒன்றைத்தான் பங்கர் வாசலுக்கு மறைப்பாகக் கட்டினேன். அது மண் நிறம்.

அப்படிப்பட்ட வீட்டிலேதான் கிழமைக்கு ஒரு தரம் கோயிலின் வெள்ளைச் சீலை அத்தனையும் வந்து இறங்கும்.

மாமியின் நேர்த்தி

மாமியின் பெயர் திரேசம்மா. மாமா சுன்னாகம் ஸ்ரேசனிலே கைகாட்டி மரம் பார்த்தவர். நான் வாழ்க்கைப்பட முதலே காலமாகிவிட்டார். முதல் இரண்டு பிள்ளைகளும் கைக்குழந்தையிலேயே தவறிவிட, பிந்திப் பிறந்த ஒரே பிள்ளைதான் எங்கள் வீட்டுக்காரர்.

இவருக்குச் சின்ன வயதிலே நெருப்புக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியிலே கையை விரித்துவிட்டார்களாம். மாமி நேரே கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னாலே முழங்காலில் நின்று, இவன் பிழைத்தால் நான் சாகும் மட்டும் பீடத்துச் சீலையெல்லாம் என் கையாலே தோய்த்துத் தருவேன் என்று நேர்த்திக்கடன் வைத்தார். பிள்ளை பிழைத்துவிட்டது. அன்றிலிருந்து தோய்க்கிறார்.

என் தகப்பனுக்கு சுன்னாகத்துக்குப் பக்கத்திலே வெங்காயத் தோட்டம். நாங்கள் சைவம். எண்பத்து மூன்றுக் கலவரத்திலே கொழும்பிலிருந்து கப்பலிலே அகதியாக வந்து இறங்கின இவர், எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, வெங்காயம் பிடுங்க வந்த என்னைக் கண்டதும், பிறகு நடந்ததும் போன கிழமை எழுதியாயிற்று. கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்து அந்த வீட்டுக்குள்ளே கால் வைத்த எனக்கு, கோயில் காரியம் ஒன்றும் தெரியாது. மாமி புத்தி சொல்லிக்கொண்டு பின்னாலே திரிகிற ஆளுமில்லை. பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

விடிய மணி அடிக்க முதலே எழும்பிவிடுவார். அடுப்பை மூட்டி, கோப்பி வைத்து மூடிவிட்டு, வெள்ளை முக்காட்டைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய்விடுவார். வந்து புட்டு அவிப்பார். கறிக்குத் தேங்காய் துருவும்போது வாய் செபம் சொல்லும். பின்னேரம் செபமாலைக்குத் திரும்பவும் கோயில். எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையிலே ஒரு தோட்டவெளி. ஒரு மரம் கிடையாது. செம்மண்ணும், வெங்காயப் பாத்தியும், மேலே ஆகாசமும். அந்த வெளியைத் தாண்டி வெள்ளை முக்காட்டோடு அவர் போவதை நான் படலையிலே நின்று பார்ப்பேன். மறுகரை ஏறும் மட்டும் எனக்கு மூச்சு வராது.

"வீட்டிலை இருந்து செபிச்சால் ஆண்டவருக்குக் கேளாதோ மாமி?" என்று ஒரு நாள் பின்னேரம் கேட்டேன்.

"கேக்கும்."

"அப்ப ஏன் போறியள்?"

"அடுப்பைப் பார், புட்டு அவியுது," என்றுவிட்டுப் போய்விட்டார்.

அந்த முதல் தண்ணிக் கதையையும் இங்கே சொல்லவேண்டும். பூசையிலே அப்பமும் பாத்திரமும் வைப்பதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரச் சீலை விரிப்பார்கள். பாதிரியார், எங்கள் பேச்சிலே சுவாமி, அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற எழுந்தேற்றம் முடிந்த பிறகு அந்த அப்பம் ஆண்டவருடைய உடல். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு அந்தச் சீலையிலே ஒட்டியிருக்கலாம். அதனாலே தோய்க்கிற முதல் தண்ணியை வாய்க்காலிலோ, ஆட்கள் மிதிக்கிற இடத்திலோ ஊற்றக்கூடாது. கால் படாத நல்ல மண்ணிலே ஊற்றவேண்டும். எங்கள் வளவிலே அந்த இடம் செவ்வரத்தையடி. அந்த மரத்தின் பூவை எனக்கும் பிடுங்க விடமாட்டார்.

வாறன் என்று வந்த சொல்

இவர் கொஞ்சக் காலம் தோட்டம் செய்து பார்த்துவிட்டு, சரிவராமல் திரும்பக் கொழும்புக்குப் போய் ஒரு பலசரக்குக் கடையிலே வேலைக்கு நின்றார். சண்டை தொடங்கினதோடு பாதை பூட்டுப்பட்டுவிட்டது. கடிதம் வருவதும் இல்லை. மகள் தகப்பனின் முகத்தைப் படத்திலேதான் கண்டு வளர்ந்தாள்.

சண்டை தொடங்கி இரண்டு வருசம் போன பிறகு, ஓர் ஆவணியிலே, மாதா திருநாளுக்குக் கொஞ்ச நாள் முந்தி, ஊரவர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். படலையிலே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார்:

"திரேசம்மா, உங்கடை மகன் வவுனியா மட்டும் என்னோடைதான் வந்தவர். அங்கை பாஸ் எடுக்கப் பிந்திப்போச்சு. திருநாளுக்கு நிப்பன் எண்டு சொல்லச் சொன்னவர்."

"கிளாலியாலையோ வாறான்?" என்று மாமி கேட்டார்.

"வேறை எதாலை வாறது?"

கிளாலி என்றால் அப்போது எல்லோருக்கும் தெரியும். பூநகரிப் பக்கத்திலே வள்ளம் ஏறி, கடலேரியைத் தாண்டி இந்தக் கரையிலே இறங்கவேண்டும். நடுவிலே நேவி வந்தால் சுடும். சுட்டுமிருக்கிறது. வள்ளத்தோடு காணாமல் போனவர்களின் வீடுகள் எங்கள் பக்கத்திலேயும் இருந்தன. அந்த வீடுகளைத் தாண்டிப் போகும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

வாறார் என்ற சொல்லைக் கேட்டுச் சந்தோசப்படவேண்டிய நான், அன்றையிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, கொழும்பிலேயே இருந்தால் உயிரோடாவது இருப்பார் என்று அழுதேன். மாமி அழவில்லை.

"கறியை இறக்கு. அடிப்பிடிக்குது," என்றார்.

திருநாளுக்கென்று பீடத்துச் சீலை எல்லாம் தோய்க்க வந்தன. அன்றைக்குத்தான் நான் முதலில் எழுதினது நடந்தது. கிணற்றடியும், ஹெலியும், செவ்வரத்தையும்.

கமலாக்காவின் மாடு

ஹெலி போன பிறகு மாமி மிச்ச வேலையைத் தொடங்கினார். அந்த நேரம் அரசாங்கத்தின் தடையாலே, உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் என்பது கண்ணாலே காணக் கிடைக்காத சாமான். எல்லாரும் பனம்பழத்திலே தோய்த்தோம். பழத்தைப் பிசைந்து, களியை உடுப்பிலே தேய்த்து அலசினால் ஊத்தை போகும், அது உண்மை. ஆனால் எத்தனை தரம் அலசினாலும் மணம் போகாது. ஊர் முழுக்கப் பனம்பழ மணத்தோடு திரிந்த காலம் அது. வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அதுதான் சுத்தமான உடுப்பின் மணம்.

சீலைகளை முற்றத்துக் கொடியிலே போட மாமி எடுத்துக்கொண்டு வந்தார். நான் காலிலே விழாக் குறையாக மறித்தேன்.

"மாமி, இப்பத்தானே வந்திட்டுப் போறான். பின் வேலிப் பக்கம், மாமரத்துக்குக் கீழை போடுங்கோ. கும்பிட்டன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்.

பின் வேலிக்கு அங்காலே கமலாக்காவின் வளவு. அவவின் பசு, வேலியின் ஓலைக்கிடுகு உக்கின இடத்தாலே தலையை விட்டிருக்கிறது. பனம்பழ மணம் மாட்டை எந்த வேலியையும் தாண்ட வைக்கும். மத்தியானம் போலே கமலாக்கா சத்தம் போட்டார்.

"எடி பிள்ளை, ஓடி வா. உவள் எதையோ சப்புறாள்."

ஓடிப் போய்ப் பார்த்தால், மாட்டின் வாயிலே வெள்ளையாய் ஒரு துண்டு தொங்குகிறது. அந்தச் சதுரச் சீலை. கமலாக்கா ஒரு கையாலே மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மற்றக் கையாலே இழுத்து, பாதியைத்தான் மீட்டார். மிச்சப் பாதியை மாடு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டது.

கமலாக்காவுக்கு எந்த இடத்திலும் பகிடி வரும். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்திலே வேதக்காரர் என்பார்கள்.

"இனியென்ன, எங்கடை மாடும் வேதத்திலை சேர்ந்திட்டுது," என்றார். "திரேசம்மா, ஞாயிற்றுக்கிழமை கட்டி அனுப்பிவிடுறன், பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமியைப் பார்த்ததும் நின்றுபோனது.

அவர் கிழிந்த பாதியைக் கையிலே வாங்கினார். மாட்டின் எச்சிலைக் கிணற்றடியிலே அலசினார். பிழிந்தார். பிறகும் பிழிந்தார். தண்ணி வரவில்லை, பிழிந்துகொண்டே நின்றார்.

"முதல் தண்ணி," என்றார், தனக்குத்தானே. "முதல் தண்ணி..."

"என்ன மாமி?"

அவர் ஈரச் சீலையை மடித்து மற்றொரு துணியிலே சுற்றினார். முக்காட்டை எடுத்தார்.

"சுவாமியைக் கண்டிட்டு வாறன்."

"இந்த வெய்யிலுக்கையோ? மாமி, பின்னேரச் செபத்துக்குப் போகேக்கை சொல்லலாம்தானே."

அவர் படலையைத் தாண்டிவிட்டார்.

வெளியைத் தாண்டி

மாமி போய்க் கொஞ்ச நேரத்திலே குண்டு போடுகிற பொம்மர் வந்தது. ஹெலியைப் போல வந்து நின்று பயங்காட்டுகிற சாமான் இல்லை அது. சத்தம் கேட்கும்போது குண்டு விழுந்திருக்கும். சுன்னாகப் பக்கத்திலே எங்கேயோ விழுந்தது. நிலம் ஒருதரம் குலுங்கி நின்றது. அடுப்படியிலே வைத்த பானைகள் ஒன்றோடொன்று முட்டின.

பங்கருக்குள்ளே மகளையும் அணைத்துக்கொண்டு இருந்தேன். மாமி இருந்த பனங்குற்றி வெறுமையாகக் கிடந்தது. பொம்மர் போனது. வெய்யில் சாய்ந்தது. பின்னேரச் செப மணி அடிக்கவேண்டிய நேரம், அடிக்கவில்லை. மாமி வரவில்லை.

என் மனம் போன இடமெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் காணாது. வெளியின் நடுவிலே ஒரு வெள்ளை முக்காடு கிடப்பதாகவே கண்ணுக்குள்ளே தெரிந்தது. இவர் வந்து அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? இவரும் வராவிட்டால்?

மகளைக் கமலாக்காவிடம் விட்டேன்.

"நீ போறியோ?" கமலாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஒழுங்கைக்கே தனிய வராத ஆளெல்லோ."

"போகத்தானே வேணும் அக்கா."

"அப்ப உந்த மஞ்சள் சட்டையை மாத்திப்போட்டுப் போ. இல்லையெண்டால் பாதி வழியிலை அதை நினைச்சுத் திரும்பி வந்திடுவாய்."

மாற்றிக்கொண்டுதான் போனேன்.

அந்த வெளியை நான் நடந்து தாண்டவில்லை. வெங்காயப் பாத்தி வரம்புகளிலே விழுந்தெழும்பிக் கடந்தேன். ஆகாசத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் மேலேதான் போனது. ஒரு பருந்து வட்டமடித்தது. அதற்கும் குந்தினேன். வெளி முழுக்கத் தேடினேன். வெள்ளை ஒன்றும் கிடக்கவில்லை.

கோயிலின் பெரிய கதவு சாத்தியிருந்தது. பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒருவரும் இல்லை. மெழுகுதிரி மணமும் வௌவால் மணமும். ஆட்கள் இருந்து பூசை காணுகிற மர வாங்குகளுக்கு இடையிலே பார்த்துக்கொண்டு முன்னுக்குப் போனால், பீடத்துக்குப் பின்னாலே, சுவரும் பீடமும் சேர்கிற இடுக்கிலே, மாமி இருந்தார்.

முழங்காலில் இல்லை. நிலத்திலே காலைக் கட்டிக்கொண்டு, தலையை முழங்காலுக்குள்ளே புதைத்துக்கொண்டு. முக்காடு விலகிக் கிடந்தது. நான் கிட்டப் போனதும் தெரியவில்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அது என்னுடைய நடுக்கம். அதை இன்னொருவரிலே பார்த்தது அதுதான் முதல்.

"மாமி."

துள்ளிப்போனார். என்னைக் கண்டதும் முகத்தை மாற்றப் பார்த்தார். முடியவில்லை.

"பொம்மருக்கோ மாமி பயந்தனீங்கள்?"

"எல்லாத்துக்கும்," என்றார். "விடியக் கண் முழிக்கேக்கையிருந்து எல்லாத்துக்கும்."

நான் பக்கத்திலே இருந்தேன்.

"நீங்கள் பயப்பிடாத ஆள் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"ஆர் சொன்னது?" முந்தானையாலே வாயைத் துடைத்தார். "ஒரு வீட்டிலை ஒராள்தான் பயப்பிடலாம் பிள்ளை. ரெண்டு பேரும் பயந்தால் ஆர் உலை வைக்கிறது? அந்த இடத்தை நீ வந்த அண்டே பிடிச்சிட்டாய்."

விலகின முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அப்ப நான் எங்கை போய்ப் பயப்பிடுறது? இஞ்சைதான் வாறனான்."

சுவாமி வந்தார்

குண்டு விழுந்த பக்கத்துக்குப் போயிருந்த சுவாமி அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அங்கியிலே செம்மண். எங்களை அந்த இடுக்கிலே கண்டதும் முதலிலே பயந்துபோனார்.

"ஆருக்கும் காயமோ?"

"இல்லைச் சுவாமி."

மாமி எழும்பவில்லை. துணியை அவிழ்த்து அந்தப் பாதிச் சீலையை நீட்டினார். மாடு தின்றதைச் சொன்னார். சுவாமி இளம் ஆள். உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"முதல் தண்ணியை ஊத்தின பிறகுதானே காயப்போட்டனீங்கள்?"

"அதுதான் சுவாமி எனக்குத் தெரியேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, கிணற்றடியிலே அவர் ஏன் அப்படிப் பிழிந்துகொண்டு நின்றார் என்று.

"ஹெலி வந்தது. பேசின் கையிலை இருந்தது. பிறகு நான் பங்கருக்குள்ளை இருக்கிறன். நடுவிலை என்ன செய்தனான் எண்டு ஒண்டும் ஞாபகமில்லை. யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், வெறும் இருட்டாக் கிடக்கு. ஊத்தாமல் விட்டிருந்தால்..." மாமியின் குரல் உடைந்தது. "அவன் இப்ப கடலிலை நிப்பான் சுவாமி. அவன்ரை உயிருக்கு நேர்ந்த சீலை. இண்டைக்குப் பாத்து நான் பிழை விட்டிட்டனே."

நேர்த்தியை இப்படிப் பார்க்கக்கூடாது என்று சுவாமி ஏதோ சொல்லத் தொடங்கினார். நல்ல வார்த்தைகள்தான். மாமியின் காதிலே ஒன்றும் ஏறவில்லை.

"ஊத்தினனீங்கள் மாமி," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"செவ்வரத்தையடியிலை ஊத்தினனீங்கள். சீலையைப் பிழிஞ்சு கிணத்துக்கட்டிலை வைச்சிட்டு, பேசினை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு போனனீங்கள். வேரைச் சுத்தி ஊத்தினனீங்கள். பேசின் அடியைத் தட்டினனீங்கள். நான் வாசலிலை நிண்டு கத்தினனான், உங்களுக்குக் கேக்கேல்லை."

"உண்மையாத்தானோ? என்னைத் தேத்தச் சொல்லுறியோ?"

"மாமி, நான் பயந்த ஆள். பயத்திலை நிக்கேக்கை எனக்குக் கண் மூடாது. உங்களுக்கு அந்த நேரம் மறைஞ்சு போச்சு. எனக்கு ஒண்டும் மறையாது. உங்கடை கால்விரலிலை செம்மண் ஒட்டினதும் கண்டனான்."

மாமி குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். அவருடைய கை கஞ்சிப் பசையும் பனம்பழமும் மணக்கும் கை. அது என் கையை இறுக்க இறுக்க, நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"பிறகென்ன," என்றார் சுவாமி. "மாடு தின்னது வெறும் சீலை. மாட்டுக்கு வயித்துக் குத்து வராமல் மட்டும் பாருங்கோ."

திரும்பி வரும்போது அந்த வெளியிலே மாமி பின்னாலே வந்தார். வரம்பிலே தடுமாறினபோது என் தோளைப் பிடித்தார். ஆகாசத்தைப் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

மணி அடித்தது

திருநாளுக்கு முதல்நாளும் இவர் வரவில்லை. கிளாலியிலே அந்த இரவு வள்ளம் ஓடவில்லை என்று ஒருவர் சொன்னார். ஓடினது, சூடு நடந்தது என்று இன்னொருவர் சொன்னார். மாமி காலமையும் பின்னேரமும் கோயிலுக்குப் போய்வந்தார். நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அங்கே எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியுமே.

திருநாள் பூசை முடிந்து, சனம் கலைந்து, மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது படலை திறந்தது.

இவர்தான். வேட்டி உப்புத் தண்ணியிலே நனைந்து காய்ந்து மொறுமொறுவென்று நின்றது. காலிலே செருப்பில்லை. முகம் கறுத்து, கன்னம் ஒட்டி. மகள் ஆரோ பிச்சைக்காரன் என்று நினைத்து என் பின்னாலே ஒளித்தாள்.

"வந்திட்டியோ," என்றார் மாமி. "கையைக் காலைக் கழுவு. சோறு ஆறுது."

அவ்வளவுதான். இவர் சாப்பிட்டு முடியும் மட்டும் பக்கத்திலே இருந்து கறி விட்டார். மீன் முள்ளை எடுத்து வைத்தார். பிறகு தன் கட்டிலிலே போய்ச் சரிந்தார். மாமி பகலிலே படுத்ததை நான் அதுவரை கண்டதில்லை.

பின்னேரச் செபத்துக்கு மணி அடித்தது. நான் அறைக்குள்ளே எட்டிப் பார்த்தேன்.

"மாமி, மணி அடிக்குது."

"கேக்குது."

மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, அவர் மணிச் சத்தத்துக்கு எழும்பாத நாள் அது ஒன்றுதான். நல்ல குறட்டை. இவர் பதறிப்போய், "அம்மாவுக்கு என்ன சுகமில்லையோ?" என்று கேட்டார்.

"நல்ல சுகம். சத்தம் போடாதேங்கோ," என்றேன்.

இவர் ஒரு மாதம்தான் நின்றார். கடைக்காரர் தந்த லீவு அவ்வளவுதான். திரும்பவும் கிளாலி. திரும்பவும் வள்ளம். படலையிலே நின்று மகள் கையாட்டினாள். மாமி, "கவனமாப் போயிட்டு வா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள்ளே போனார். பழைய மாமி.

மாமி அதற்குப் பிறகும் சில வருசம் இருந்தார். எண்பதைக் கிட்டினபோது, தொண்ணூற்றைந்திலே ஊரோடு எல்லாரும் வெளிக்கிட்ட அந்தப் பெரிய இடப்பெயர்வுக்குக் கொஞ்சம் முந்தி, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். சுவாமி பக்கத்திலே நின்றார், கொழும்பிலிருந்து வந்திருந்த மகனும் பக்கத்திலே நின்றார். அவர் கேட்ட சாவு அதுதான்.

ஆனால் நான் நினைக்கிறது அந்தச் சாவை இல்லை. அந்த ஒரு மாதம் முடிந்து இவர் வெளிக்கிட்டுப் போனதற்கு அடுத்த நாள் விடியற்காலையை.

மணி அடிக்க முதலே மாமி எழும்பிவிட்டார். கோப்பி வைத்து மூடினார். முக்காட்டைப் போட்டுக்கொண்டு படலையைத் திறக்கிற சத்தம் கேட்டு நானும் எழும்பினேன். நித்திரை கொண்டிருந்தால்தானே. மகளைப் போர்வையோடு தூக்கித் தோளிலே போட்டுக்கொண்டு பின்னாலே போனேன்.

"நில்லுங்கோ மாமி. நானும் வாறன்."

திரும்பிப் பார்த்தார். முகம் சரியாகத் தெரியாத வெளிச்சம்.

"நீயும் வந்தால் வீட்டிலை பயப்பிடுறதுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை," என்றேன்.

அவர் படலையைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே வரும் மட்டும் நின்றார். பிறகு இழுத்துச் சாத்தினார்.